வேப்பிலை போட்டும் சோள மூட்டையில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. எந்த இலை, எந்த எண்ணெய் உதவும்?

கரிசல்காடு (பிப்ரவரி 11, காலை 7.10)

எல்லோருக்கும் வணக்கம். பெரம்பலூர் பக்கம் மானாவாரியில் மூன்று ஏக்கர் மக்காச்சோளம். தை மாதம் கதிர் உடைத்து மெஷினில் விட்டு உதிர்த்தோம். அன்று சாயங்காலமே தூறல் பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் போட்டு மூடி, மறுநாள் மட்டும் களத்தில் காயவைத்தோம். மறுபடியும் மேகம் கட்டியதும் பயந்துபோய் மூட்டை பிடித்துக் கொட்டகையில் அடுக்கிவிட்டேன். மொத்தம் 40 மூட்டை. விலை ஏறும் வரை வைத்திருக்கலாம் என்று நினைப்பு.

எங்கள் அப்பாயி தானியத்துக்குள் வேப்பிலை போடுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதே நம்பிக்கையில் வாசல் வேப்பமரத்தில் கொப்பு கொப்பாக ஒடித்து, மூட்டைக்கு இரண்டு கை இலை உள்ளே திணித்து வாயைத் தைத்தேன்.

நேற்று ஒரு மூட்டையைப் பிரித்து முழங்கை வரை கையை விட்டேன். உள்ளே வெதுவெதுவென்று சுட்டது. வெளியே எடுத்தால், கறுத்துச் சுருண்ட வேப்பிலையைச் சுற்றி ஏழெட்டு மணி ஒட்டிக் கட்டியாக இருந்தது. உடைத்துப் பார்த்தேன், மஞ்சளும் பச்சையும் கலந்த பொடி பறந்தது. மக்கல் நாற்றம். இதுவரை ஐந்து மூட்டை பிரித்தேன், மூன்றில் இதே கதை.

கேட்க வேண்டியது இரண்டு. இலையில் கோளாறா, நான் போட்ட முறையில் கோளாறா? கிராம்பு எண்ணெய், ஓம எண்ணெய் எல்லாம் பூஞ்சணத்தைக் கொல்லும் என்கிறார்களே, மீதி மூட்டைக்கு அதைத் தெளிக்கலாமா? இன்னொன்று, வீட்டில் இரண்டு கறவை மாடு இருக்கிறது. பிடித்துப்போன சோளத்தை அலசிக் காயவைத்து, அரைத்து அவற்றுக்குப் போடலாமா?

---

தீவனக்காரன் (பிப்ரவரி 11, காலை 7.32)

மாட்டுக்குப் போடாதீர்கள் அண்ணா. அலசினாலும் வேண்டாம், வறுத்தாலும் வேண்டாம். காரணத்தைத் தெரிந்தவர்கள் விளக்குவார்கள். முதலில் அந்த மூன்று மூட்டையைத் தனியாக எடுத்து வெளியே வையுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு செய்யுங்கள், அந்தப் பொடியை மூச்சில் இழுக்கக் கூடாது.

---

காவிரிக்கரை (பிப்ரவரி 11, காலை 9.05)

தம்பி, உங்கள் அப்பாயி பச்சை இலை போட்டிருக்க மாட்டார். எங்கள் அம்மா நொச்சியும் வேம்பும் ஒடித்துத் திண்ணை நிழலில் பரப்புவார். நாலைந்து நாள் கழித்து ஒரு கை அள்ளிக் கசக்குவார். சருகு மாதிரி நொறுங்கினால்தான் பத்தாயத்துக்குள் போகும், மடங்கினால் மறுபடியும் திண்ணைக்கு. அடியில் ஒரு படுகை, நடுவில் ஒன்று, மேலே ஒன்று. அதுவும் வண்டுக்கும் அந்துப்பூச்சிக்கும்தான். பூஞ்சணத்துக்கு இலை போட்டதாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

---

பூஞ்சை ஆய்வகம் (பிப்ரவரி 11, பிற்பகல் 1.20)

உணவு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். தானியப் பூஞ்சைதான் என் அன்றாடம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மஞ்சள் கலந்த பச்சைப் பொடி என்றால் அது ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். அது உண்டாக்கும் நஞ்சுதான் அஃப்ளாடாக்சின். 1960 இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. பிரேசிலில் இருந்து வந்த கடலைப் புண்ணாக்கில்தான் காரணம் இருந்தது. இந்த நஞ்சு உலகத்துக்குத் தெரியவந்தது அப்படித்தான். நம் நாட்டில் 1974 இல், ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் பகுதிகளில், மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்ட 106 பேர் ஈரல் கெட்டு இறந்தார்கள். அந்த வீடுகளின் நாய்களுக்கும் அதே நோய் வந்தது. 2004 இல் கென்யாவில் 125 பேர். அங்கும் மக்காச்சோளம்தான்.

அலசினால் பொடி போகும், நஞ்சு போகாது. அது மணிக்குள் இறங்கியிருக்கும். சமையல் சூட்டுக்கும் அது அழிவதில்லை. மாடு தின்றால் ஒரு நாளுக்குள் பாலில் எம்1 என்ற வடிவத்தில் இறங்கிவிடும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தபோது 368 இல் இது வரம்பைத் தாண்டியிருந்தது. அதிகம் அகப்பட்ட மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடும் இருந்தது. பாலில் யாரும் கலந்துவிட்டது கிடையாது, தீவனத்தின் வழியாக வந்ததுதான். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் குடிக்கிற பால் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இலைக்கு வருகிறேன். வேப்பிலையில் விஷயம் இருக்கிறது, அதை நான் மறுக்க மாட்டேன். 1988 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வேப்பிலைச் சாற்றை விட்டு வளர்த்தபோது பூஞ்சை வழக்கம்போல வளர்ந்தது, ஆனால் நஞ்சு உண்டாவது வெகுவாகக் குறைந்தது. இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, வேம்பு அந்தப் பூஞ்சையைக் கொல்லவில்லை, நஞ்சு தயாரிக்கும் வேலையைத்தான் தடுத்தது. இரண்டு, அவர்கள் சேர்த்தது சாறு, அளந்து, ஊடகம் முழுக்கக் கலந்து. மூட்டைக்குள் இரண்டு கை இலை திணிப்பது அதற்குச் சமமாகாது.

நீங்கள் போட்டது பச்சை இலை வேறு. பறித்த இலையின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். ஏற்கெனவே ஈரமாக இருந்த சோளத்துக்குள் நூறு சின்ன ஈரத்துணிகளைச் செருகி வைத்த மாதிரி ஆகிவிட்டது. கட்டி இலையைச் சுற்றியே இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, பூஞ்சை அங்கேதான் தண்ணீர் குடித்திருக்கிறது.

கிராம்பு, ஓமம் பற்றி இரவு எழுதுகிறேன்.

---

இயற்கைவழி (பிப்ரவரி 11, மாலை 4.48)

அக்கா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். நம் முன்னோர் ஈரமானி வைத்துக்கொண்டா விவசாயம் பார்த்தார்கள்? குதிரிலும் குலுக்கையிலும் வருஷக்கணக்கில் தானியம் இருந்தது. இலையும் சாம்பலும் செம்மண்ணும்தான் காத்தன. இன்றைக்கு எதைக் கேட்டாலும் ஆய்வகம் என்கிறோம். இலையை நம்பாமல் விட்டால் அடுத்து ரசாயன மாத்திரைதான் வந்து நிற்கும், அதுதான் என் பயம்.

---

காவிரிக்கரை (பிப்ரவரி 11, மாலை 6.15)

இயற்கைவழி தம்பி, முன்னோரிடம் ஈரமானி இருந்தது. பல்லுதான் அது.

சொல்கிறேன் கேளுங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் என் தாத்தா களத்தில் நெல்லை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். 'டக்' என்று முறிந்தால் காய்ச்சல் பத்தியது. பல்லுக்கு இடையில் அமுங்கினால் இன்னொரு வெயில். வண்டிக்காரர், வியாபாரி, கூலிக்கு அளக்கிறவர் எல்லோரும் கடித்துப் பார்ப்பார்கள். நெல்லின் பேரைக் கேட்பதற்கு முன்னால் 'காய்ச்சல் எப்படி?' என்றுதான் பேச்சே தொடங்கும். விதைக்கோட்டை கட்டுவது என்றால் இன்னும் கெடுபிடி. நன்றாகக் காய்ந்த வைக்கோலைப் பிரியாகத் திரித்து, நெல்லை நடுவில் வைத்துச் சுற்றிக் கட்டி, மேலே சாணி மெழுகுவார்கள். உள்ளே மிச்சம் இருக்கிற ஈரத்தை வைக்கோல் இழுத்துக்கொள்ளும்.

அப்போது தையில் அறுப்பு. அரிந்து வயலில் போட்டுக் காயவிட்டு, கட்டுக் கட்டி, களத்தில் அடித்து, தூற்றி, அப்புறம் வெயில். வீட்டுக்கு வருவதற்குள் நெல் பல வெயிலைப் பார்த்திருக்கும். இன்றைக்கு மெஷின் இறங்கினால் ஒரு மணி நேரத்தில் பச்சை நெல் டிராக்டரில் கிடக்கிறது. குறுவை அறுப்பில் கொள்முதல் நிலையத்து வாசலில் நாம் படுகிற பாடு எல்லாம் எதனால்? 17 சதவீத ஈரம் என்ற அந்த ஒரு எண்ணால்தானே. இலை அதேதான். அதற்கு முன்னால் இருந்த நாலு வேலையை விட்டுவிட்டோம்.

---

இயற்கைவழி (பிப்ரவரி 11, மாலை 6.40)

ஐயா, இதை நான் யோசிக்கவில்லை. உண்மைதான். எங்கள் வீட்டிலும் பாட்டி இலை போட்டதுதான் நினைவில் நின்றது, அதற்கு முந்தைய ஒரு வாரம் களத்தில் துழாவிக்கொண்டிருந்தது நினைவுக்கே வரவில்லை.

---

பூஞ்சை ஆய்வகம் (பிப்ரவரி 11, இரவு 9.30)

ஐயா எழுதியதற்கு மேல் ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். அந்த இலைகள் சும்மா இருக்கவில்லை. வண்டு கூடினால் அது விடும் மூச்சிலேயே தானியம் சூடாகி வேர்க்கும், அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். ஆக, உலர்ந்த நொச்சி வண்டைக் குறைத்தால் பூஞ்சைக்கும் ஒரு வாசல் அடைபடுகிறது. அந்த அளவுக்கு அது மெய்யான உதவி.

இப்போது எண்ணெய்கள். கிராம்பில் யூஜெனால், ஓமத்தில் தைமால், பட்டையில் சின்னமால்டிஹைடு, எலுமிச்சைப்புல்லில் சிட்ரால், அரைத்த கடுகில் மூக்கைப் பிடுங்குகிற ஐசோதயோசயனேட். இவை எல்லாமே பூஞ்சைக்கு எதிரி என்பதில் சந்தேகமே வேண்டாம். நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். கண்ணாடித் தட்டில் பூஞ்சையை விதைத்து, மூடியின் உட்பக்கம் ஒரு துளி ஓம எண்ணெய் தொட்ட காகிதத்தை ஒட்டினோம். எண்ணெய் பூஞ்சையைத் தொடவே இல்லை, ஆவி மட்டும்தான். பக்கத்துத் தட்டு ஐந்தாம் நாள் பச்சைக் கம்பளம் விரித்திருந்தது, இந்தத் தட்டு வெறுமையாகக் கிடந்தது. பூஞ்சையின் செல்லைச் சுற்றியுள்ள சவ்வை இந்தச் சேர்மங்கள் ஓட்டையாக்கி, உள்ளே இருப்பதைக் கசியவிடுகின்றன. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

ஆனால் தட்டு வேறு, மூட்டை வேறு. தட்டுக்கு மூடி இருக்கிறது, சாக்கு காற்றோட்டமானது. தெளித்த வாசனை கொஞ்ச நாளில் கொட்டகையை விட்டே போய்விடும், பூஞ்சை வித்து அங்கேயே காத்திருக்கும். மக்காச்சோளத்தின் முளைப்பகுதியில் எண்ணெய்ச் சத்து அதிகம், இந்த வாசனைப் பொருள்கள் அதில் கரைந்து ஒளிந்துகொள்ளும். அதனால் தட்டில் போதுமான அளவு தானியத்தில் போதாது, பல மடங்கு வேண்டும். பல மடங்கு போட்டால் சோளம் கிராம்பாக மணக்கும், செலவும் சோள விலையைத் தாண்டும். ஈரம் 18 சதவீதத்தில் நிற்கிற மூட்டைக்கு எந்த எண்ணெயும் ஈடுகொடுக்காது.

---

விதைப்பெட்டி (பிப்ரவரி 12, காலை 6.50)

நாட்டு விதைகளைச் சேர்த்து வைக்கிறவள் நான். இந்த விஷயத்தில் பட்டது ஒன்று இருக்கிறது, சொல்ல வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், எலுமிச்சைப்புல் எண்ணெய் நல்லது என்று படித்துவிட்டு, ஒரு தகர டின்னில் தட்டைப்பயறு விதையைப் போட்டு, பஞ்சில் எண்ணெய் நனைத்து உள்ளே வைத்து இறுக மூடினேன். ஆறு மாசம் கழித்துத் திறந்தால் ஒரு வண்டு இல்லை, ஒரு புள்ளிப் பூஞ்சணம் இல்லை. அவ்வளவு சந்தோஷம். ஆடிப்பட்டத்துக்கு முன்னால் வழக்கம்போல ஈரத்துணியில் நூறு விதை கட்டி வைத்தேன். பாதிகூட முளைக்கவில்லை. எண்ணெய் வைக்காத டின்னில் இருந்த அதே விதை நன்றாக முளைத்தது. மறைந்துபோகாமல் பத்து வருஷம் காத்து வந்த ரகம் அது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் கொஞ்சம் கொடுத்து வைத்திருந்ததால் தப்பியது. அன்றைக்கு அழுததை இன்னும் மறக்கவில்லை.

விதைக்கு எண்ணெய் வைக்க நினைக்கிறவர்கள் முதலில் கைப்பிடி விதையில் வைத்து முளைப்புப் பாருங்கள். ஆவி பூஞ்சையின் உயிரை மட்டும் தேடிப் போவதில்லை, விதையின் உயிரிலும் கை வைக்கும்.

---

கரிசல்காடு (பிப்ரவரி 12, காலை 8.25)

அனைவருக்கும் நன்றி. மாட்டுக்குப் போடவில்லை. மூன்று மூட்டையைத் தனியே வைத்துவிட்டேன். நாட்டுமருந்துக் கடையில் விசாரித்தேன், ஓம உப்பு இருக்கிறது என்றார்கள். வசம்பைப் பொடித்துக் கலந்தால் பூஞ்சணமும் வண்டும் சேர்ந்தே போகும் என்று கடைக்காரர் சொல்கிறார். வசம்பு குழந்தைக்கே உரைத்துக் கொடுப்பதுதானே, அது பாதகமில்லையே?

---

பூஞ்சை ஆய்வகம் (பிப்ரவரி 12, காலை 10.10)

ஓம உப்பு என்று விற்பது தைமால்தான். நேற்றுச் சொன்னதே அதற்கும் பொருந்தும்.

வசம்பு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன், உண்ணும் தானியத்தில் கலக்காதீர்கள். அதில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது. எலிகளுக்குக் கொடுத்த ஆய்வுகளில் அது புற்றுக்கட்டியை உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968 லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை வந்தது. தாவரத்தில் இருந்து வந்தது என்பதாலேயே வயிற்றுக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அஃப்ளாடாக்சினும் இயற்கையாக விளைகிற பொருள்தான். விதைக்கு மட்டும் என்றால் வசம்புப் பொடி சரி, ஆனால் அந்த விதை மிஞ்சினால் குழம்புக்குப் போகக் கூடாது. டப்பாவின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.

---

தீவனக்காரன் (பிப்ரவரி 12, பகல் 12.05)

நான் நாமக்கல் பக்கம் தீவன ஆலையில் சரக்கு எடுக்கிற வேலை. ஒரு லோடு வந்தால் கூர்க்குழாயை மூட்டையில் குத்தி, பத்து இருபது இடத்தில் மாதிரி எடுப்போம். ஒரு இடத்தில் எடுத்தால் ஏமாந்துவிடுவோம். நூறு மணி சுத்தமாக இருக்கும், நூற்றோராவது மணியில் மொத்த நஞ்சும் இருக்கும். உடைத்த சோளத்தை இருட்டறையில் புற ஊதா விளக்கில் காட்டினால், சந்தேகமான மணி பளீரென்று பச்சை மஞ்சளாக ஒளிரும். ஒளிர்ந்தால் நஞ்சு உறுதி என்று ஆகாது, ஆனால் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிய சரக்கு என்று தெரிந்துவிடும்.

மனிதர் உண்ணும் தானியத்துக்கு நம் நாட்டு வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். ஒரு டன்னுக்குக் கணக்குப் போட்டால் 15 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பைவிட மிகக் குறைவு. கண்ணால் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

விவசாயிகளுக்கு ஒன்று. கெட்ட மூட்டையை நல்ல மூட்டையோடு கலந்து அனுப்பாதீர்கள். லோடு முழுக்கத் திரும்பும், 37 மூட்டைக்குக் கிடைக்க வேண்டிய விலையும் போகும். கோழிக்கும் ஈரல்தான் முதலில் அடிவாங்கும், முட்டை குறையும்.

---

இயற்கைவழி (பிப்ரவரி 12, பிற்பகல் 3.30)

அப்படியென்றால் தாவரப் பொருளுக்கு இதில் இடமே கிடையாதா அக்கா? மனசு கேட்கவில்லை.

---

பூஞ்சை ஆய்வகம் (பிப்ரவரி 12, இரவு 8.45)

நிச்சயம் இருக்கிறது. இல்லையென்றால் நான் இத்தனை வருஷம் இதில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எண்ணெயின் பலவீனம் அது பறந்துபோவது. ஆகவே அதைப் பறக்கவிடாமல் சின்னச் சின்னக் கூடுகளில் அடைத்து, மெதுவாகக் கசியவைக்கப் பார்க்கிறார்கள். இறால், நண்டு ஓட்டில் இருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற பொருளில் எண்ணெயைப் பொதிவது அதில் ஒரு வழி. காசி இந்துப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் என். கே. துபே குழுவினர் நெடுங்காலமாகச் சேமிப்புத் தானியத்துக்கும் மசாலாவுக்கும் இந்த வாசனை எண்ணெய்களைச் சோதித்திருக்கிறார்கள், இப்படிப் பொதிந்தும் பார்த்திருக்கிறார்கள். குறைந்த அளவில் நீண்ட நாள் வேலை செய்வதுதான் இதன் பலம். எனக்கு நம்பிக்கை தருகிற இன்னொன்று, பூஞ்சை செத்துப்போகாத குறைந்த அளவிலும் சில எண்ணெய்கள் நஞ்சு உற்பத்தியை அடக்கிவிடுகின்றன. வேப்பிலைச் சாறு செய்ததும் அதைத்தானே. ஆனால் ஏற்கெனவே உண்டான நஞ்சை அது துடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஆரம்பத்திலேயே இருந்தால்தான் பயன்.

வீட்டளவில் இன்றைக்கே செய்யக்கூடியது: காலிக் குதிர், டிரம், டின் ஆகியவற்றைத் துடைத்து வெயில் காட்டிய பிறகு, கிராம்பு அல்லது ஓம எண்ணெய் தொட்ட பஞ்சை உள்ளே வைத்து இரண்டு நாள் மூடி வையுங்கள். பழைய சரக்கின் வித்து இடுக்கில் ஒட்டியிருக்கும், அது குறையும். அப்புறம் திறந்து ஆறவிட்டுப் புதுச் சரக்கைப் போடலாம். காற்றுப் புகாத சின்ன டப்பாவில் மசாலாப் பொருளுக்கும் இது ஒத்துவரும். வாசனைக்கு வாசனை சேர்ந்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

---

காவிரிக்கரை (பிப்ரவரி 13, காலை 6.30)

கரிசல்காடு தம்பிக்கு வெயில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். சோளம் நெல் மாதிரி கிடையாது, கடித்து அளப்பது கஷ்டம். உப்புப் பாட்டில் முறை இருக்கிறது. மூடி உள்ள கண்ணாடி பாட்டில், நன்றாக உலர்ந்தது. பொடி உப்பை வெயிலில் காயவைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு சோளத்தைப் போட்டு, இரண்டு மூன்று கரண்டி உப்பைச் சேர்த்து, மூடி, குலுக்குங்கள். கால் மணி நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், சேமிக்க ஆகாது. ஒட்டாமல் அடியில் உதிர்ந்தால் தேறியது. அதற்கப்புறமும் ஒரு வெயில் காட்டினால் நிம்மதி, 12 - 13க்கு வந்துவிடும்.

மண்ணில் நேராகக் கொட்டாதீர்கள், தரை ஈரம் ஏறும். தார்ப்பாயில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, மணிக்கு ஒரு தரம் காலால் துழாவுங்கள். சாயங்காலம் சூட்டோடு மூட்டை பிடிக்காதீர்கள், ஆறவிடுங்கள். சூடாகக் கட்டினால் இரவில் உள்ளே வேர்க்கும்.

---

கரிசல்காடு (பிப்ரவரி 17, மாலை 7.05)

நாலு நாள் நல்ல வெயில். முதல் நாள் காலையில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் உப்புப் போட்டுப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்க வெள்ளையாக அப்பிக்கொண்டது, சுண்ணாம்பு அடித்த மாதிரி. என் மகள் விரலால் அதில் கோடு போட்டுக் காட்டினாள். அவ்வளவு ஈரத்தை வைத்துக்கொண்டுதான் இலையை நம்பியிருக்கிறேன்.

37 மூட்டையையும் பிரித்துக் கொட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்ததில் இன்னும் இரண்டில் கட்டி இருந்தது. மொத்தம் ஐந்து மூட்டையைத் தண்ணீர் தெளித்துப் பொடி பறக்காமல், கிணற்றுக்குத் தூரமாகக் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

இன்று மதியம் அதே பாட்டில். குலுக்கிவிட்டு வைத்தேன், உப்பு மொத்தமும் அடியில் கிடந்தது, கண்ணாடி துடைத்த மாதிரி. மூங்கில் பரண் போட்டு, சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி 35 மூட்டையை நாளைக்கு அடுக்குகிறேன். விற்பதற்கு முன்னால் ஆய்வகத்துக்கு ஒரு மாதிரி அனுப்ப வேண்டும், அதற்கு எத்தனை மூட்டையில் குத்தி எடுப்பது என்று தீவனக்காரன் தம்பி சொல்லுங்கள். நொச்சி ஒடித்துத் திண்ணையில் பரப்பியிருக்கிறேன். இன்னும் மடங்குகிறது.

---

தீவனக்காரன் (பிப்ரவரி 17, இரவு 8.15)

35 மூட்டைதானே, எல்லாவற்றிலும் குத்துங்கள் அண்ணா. மூட்டைக்கு மேல், நடு, அடி என்று மூன்று இடம். எடுத்ததை எல்லாம் ஒன்றாகக் கொட்டிக் கலக்கி, அதிலிருந்து ஒரு கிலோவைத் துணிப்பையில் கட்டி அனுப்புங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், வழியில் வேர்த்துவிடும்.